கேன்சல் பாயும் மூடாத விண்டோவும்

மனு வந்து சேர்ந்த மூன்று நாளுக்குள் ஒப்புகை அனுப்ப வேண்டும். முப்பது நாளுக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். தர இயலாவிட்டால் ஏன் இயலவில்லை என்பதையாவது எழுத வேண்டும். இது விதி. அலுவலக மேலாளராக இருந்தவரை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் இதை நான் ஒப்பித்திருக்கிறேன். அவர்களும் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து வழக்கம்போல வேலை பார்த்தோம்.

விதியை எழுதியவர்களே அதை முழுசாக நம்பியிருப்பார்களா என்பது சந்தேகம். திருத்தணி மலைக்கு மேலேயும் கீழேயும் அதை எழுத்துக்கு எழுத்து நம்பிய ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் அரசு ஊழியர் அல்ல. கம்ப்யூட்டர் மெக்கானிக். ஊரில் அவருக்குப் பெயர் கேன்சல் பாய்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். அதை யாரும் பார்த்ததில்லை. இந்தப் பெயர் எப்படி வந்தது என்றால், பாய் ரிப்பேர் வேலையோடு சின்னச் சின்ன புரோகிராமும் எழுதுவார். அவர் எழுதிய எந்த விண்டோவிலும் கேன்சல் பட்டன் இருக்காது. பொதட்டூர்பேட்டையில் ஒரு லுங்கி வியாபாரிக்கு சரக்குப் பதிவு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். ‘சரக்கு அனுப்பியாச்சா?’ என்று கேட்கும். ‘ஆச்சு’, ‘இல்லை’ என்று இரண்டே பட்டன். வியாபாரி அலுத்துக்கொண்டார்.

“இன்னா பாய் இது, தப்பா தொட்டுட்டா வெளிய வர வழியே இல்ல. ஒரு கேன்சல் வையுங்களேன்.”

“கேன்சல்னா இன்னா அர்த்தம் நைனா? கேள்வியே கேக்கலன்னு அர்த்தம். நான் தான் கேட்டுட்டனே.”

விண்டோவில் மட்டும் அல்ல, ஆளும் அப்படித்தான். பாய் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் பதில் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். எதிராளியையும் நகரவிடமாட்டார். ஹார்டுவேர் கடையில் போய் அரை அங்குல ஸ்க்ரூ இருக்கிறதா என்பார். கடைக்காரர் எல்லோருக்கும் சொல்வதைப்போல “பாக்கலாம் பாய்” என்பார். அவ்வளவுதான், தொலைந்தார்.

“இருக்குதா, இல்லியா? பாக்கலாம்னு ஒரு பட்டன் கெடையாது நைனா.”

பின்னால் நிற்கும் ஏழெட்டுப் பேருக்கும் வியாபாரம் நடக்காது. கடைசியில் அவர்களே உள்ளே நுழைந்து டப்பாக்களைத் திறந்து ஸ்க்ரூ தேடிக் கொடுப்பார்கள். பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஒருமுறை, ஆர்.கே.பேட்டையில் வண்டி நிற்குமா நிற்காதா என்று கண்டக்டரைக் கேட்டார். கண்டக்டர் “ஏறு, ஏறு” என்றார். அது பதில் இல்லை என்பதால் பாய் படிக்கட்டிலேயே நின்றார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பஸ் நகரவில்லை. ஐம்பது பயணிகளும் ஒரே குரலில் “நிக்கும் பாய்” என்று சொன்ன பிறகுதான் கண்டக்டரால் விசில் ஊத முடிந்தது.

இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் மெக்கானிக்கின் வீட்டில் கரண்ட் கிடையாது என்பதுதான் இதில் விசேஷம்.

மெயின் ரோட்டுக்குப் பின்னால் அவருடைய அப்பா லாரி மெக்கானிக் ஷெட் வைத்திருந்த இடம். முன்னால் ஷெட், பின்னால் வீடு. லாரியைக் கழற்ற வெளிச்சம் போதும் என்று அப்பா இருந்துவிட்டார். மகன் கம்ப்யூட்டரைக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றுவது எல்லாம் வீட்டில். மாட்டிப் பார்ப்பது ஊரில். ஊரில் எங்கெங்கே பிளக் பாயின்ட் இருக்கிறது என்பது மின்வாரியத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். டீக்கடை, கல்யாண மண்டபம், பள்ளிவாசல் வராந்தா என்று மொபெட்டின் பின்னால் மானிட்டரை லுங்கியால் கட்டிக்கொண்டு சுற்றுவார். அவருக்கு ரொம்பப் பிடித்த பிளக் பாயின்ட் எங்கள் அலுவலகத்தில் இருந்தது. என் மேசைக்கு அடியில்.

“சார், அஞ்சு நிமிசம்” என்பார். மேசைக்கு அடியில் தவழ்ந்து போய் ஒயரைச் சொருகுவார். என் காலடியில் யாருடைய கம்ப்யூட்டரோ உயிர் பெற்று முனகும். பதிலுக்கு எங்கள் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொடுப்பார். எழுதப்படாத ஒப்பந்தம். எந்தத் துறை அலுவலகம் என்று மட்டும் கேட்காதீர்கள். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய மனைவி நூர்ஜஹான் கல்யாணத்துக்கு வந்த மிக்ஸியை பதினோரு வருடமாகப் பெட்டியைவிட்டு எடுக்கவில்லை. பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. அரைக்க வேண்டியதைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார். “எங்க வூட்டு சட்னி தான் ஊர்லயே அதிகமா ஊர் சுத்தன சட்னி” என்று சொல்வாராம். இதைப் பாய்தான் எனக்குச் சொன்னார், மேசைக்கு அடியிலிருந்து. நான் சிரித்தேன். ஏன் கரண்ட் வாங்கவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் மனுவுக்குப் பதில் சொல்லிப் பழகியவர்களே தவிர, கேள்வி கேட்டுப் பழகியவர்கள் அல்ல. பதிலும் எந்த லட்சணத்தில் சொன்னோம் என்று இனி வரும்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு புது அதிகாரி வந்தார். வயதில் என் மகளைவிடச் சிறியவர். வந்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, “மனுக்களை எல்லாம் கம்ப்யூட்டரில்தானே பதிவு பண்றோம்? அப்புறம் ஒரு மனு எங்க இருக்குன்னு கேட்டா ஏன் சார் யாருக்குமே தெரியல?” என்றார். நியாயமான கேள்வி. அதற்கு எங்களிடம் முப்பது வருடப் பழமையான பதில்கள் இருந்தன. அவர் ஒன்றையும் ஏற்கவில்லை. பாயைக் கூப்பிட்டோம்.

பாய் ஒரு நாள் முழுக்க உதவியாளர் ஞானவேலின் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். ஞானவேல் ஒரு மனுவைத் திறப்பார். அது ஒரு விண்டோவாக வரும். பாதி படித்ததும் பின்னால் தெரியும் பிரதான விண்டோவைத் தொடுவார். மனு பின்னால் போய்விடும். இன்னொரு மனுவைத் திறப்பார். அதுவும் போய்விடும். மாலைக்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் பதினேழு மனு திறந்து கிடந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் சீட்டாட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

பாய் என்னிடம் வந்தார். “சார், ஒங்க ஆபீசுல மனு ஒண்ணும் காணாம போவல. பின்னாடி போய்கினு இருக்குது.”

என் முப்பத்தைந்து வருட சர்வீஸை இத்தனை சுருக்கமாக யாரும் தணிக்கை செய்ததில்லை.

“இதுக்கு வழி இருக்குது சார். கோப்பை அழிக்கட்டுமான்னு ஒரு சின்னப் பெட்டி கேக்கும், பாத்திருப்பீங்க. அதுக்குப் பதில் சொல்லாம பின்னாடி இருக்கறத எத தொட்டாலும் வேலைக்காவாது. அதுக்குப் பேரு மோடல் டயலாக். அந்தக் குட்டிப் பெட்டிக்கு இருக்கற ரோசம் இந்தப் பெரிய விண்டோவுக்கு இல்ல. அத வர வைக்கணும்.”

“வர வைக்க முடியுமா?”

“முடியும் சார்.” பாய் சொல்லும் பதில்களும் இரண்டு பட்டனுக்குள் அடங்கிவிடும்.

சின்னப் பெட்டி பிறக்கும்போதே அந்தக் குணத்தோடு பிறக்கிறது. மெனுவும் பட்டியலும் நாலு பக்கமும் இழுத்துப் பெரிதாக்கும் வசதியுமாகப் பிறந்த முழு விண்டோவுக்கு அந்தக் குணத்தைக் கையால்தான் ஊட்ட வேண்டுமாம். மனு விண்டோ திறந்ததும், அதைத் திறந்துவிட்ட பிரதான விண்டோவைத் தூங்கப் போட வேண்டும். மனு முடிந்ததும் அதை எழுப்ப வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

முதல் நாள், காலை பத்தே காலுக்கு ஞானவேல் ஒரு மனுவைத் திறந்தார். ஏதோ ஞாபகத்தில் வேறெங்கோ தொட்டார். மனு பின்னால் போய்விட்டது. முன்னால் இருந்த பிரதான விண்டோவோ தூங்குகிறது. தொட்டால் ‘டிங்’ என்றது. மறுபடி தொட்டார். டிங். பத்தரைக்குள் எல்லா மேசையிலிருந்தும் டிங், டிங். மலை மேல் உச்சிகால மணி அடித்துவிட்டதா என்று காவலாளி எட்டிப் பார்த்தார். பதில் கேட்கும் விண்டோ பின்னால் ஒளிந்திருக்கிறது, முன்னால் நிற்கும் விண்டோவுக்கு உணர்வில்லை. அரசு அலுவலகத்தின் இலக்கணம் ஒன்றை அன்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது. நாங்கள் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தோம். மெயின் சுவிட்சை அணைத்தோம்.

பாய் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். “என் தப்பு சார். இந்தக் குட்டிக்கு அந்த விண்டோ தான் தாய்னு நான் சொல்லவேயில்ல. சொல்லியிருந்தா தாய்க்குப் பின்னாடி போவாது, எப்பவும் முன்னாடி தான் நிக்கும்.” உறவு முறையைச் சொல்லிவிட்டுப் போனார். டிங் நின்றது.

இரண்டாவது கோளாறு மாவட்டத்திலிருந்து மேலதிகாரி ஆய்வுக்கு வந்த அன்று வெளிப்பட்டது. அவர் ஞானவேலின் பின்னால் நின்றுகொண்டு, “எங்கே, ஒரு மனுவை முடித்துக் காட்டுங்கள்” என்றார். ஞானவேல் பதிலைத் தட்டினார், பட்டனை அழுத்தினார். மனு மூடியது. பிரதான விண்டோ வர வேண்டிய இடத்தில் சீட்டாட்டம் வந்து நின்றது. ஞானவேல் பதறி அதைத் தள்ளிவிட்டு அடுத்த மனுவை முடித்தார். மறுபடியும் சீட்டாட்டம். மூன்றாவது மனு. சீட்டாட்டம்.

மேலதிகாரி நிதானமாகக் கேட்டார். “குடிநீர்க் குழாய் மனுவுக்கும் ஸ்பேடு ராணிக்கும் என்ன சம்பந்தம்?”

ஞானவேலுக்கு மெமோ வந்தது. பாய்க்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து விடையோடு வந்தார். மனு விண்டோ மூடுகிற நேரத்தில் தாய் விண்டோ இன்னும் தூங்கிக்கொண்டிருந்ததாம். பொறுப்பை வாங்கிக்கொள்ள யாரும் விழித்திருக்கவில்லை என்று பார்த்த கம்ப்யூட்டர், பக்கத்தில் விழித்திருந்த சீட்டாட்டத்திடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டது.

“போறவன் போறதுக்கு முன்னாடி தாயை எழுப்பிட்டுப் போவணும் சார். நான் போய்ட்டு எழுப்புனேன்.”

“பாய், இது எங்கள் நடைமுறை நூலிலேயே இருக்கிறது” என்றேன். “பொறுப்பு ஏற்பவர் வந்து கையெழுத்துப் போடாமல் ஒப்படைப்பவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்துவிடுவார்கள்.”

பாய் என்னைப் புது மரியாதையோடு பார்த்தார். “அந்த புக்கு எனக்குப் படிக்கக் கெடைக்குமா சார்?” கொடுத்தேன். எங்கள் அலுவலகத்தில் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்த ஒரே ஆள் அவர்தான். திருப்பிக் கொடுக்கும்போது நாலு இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தார். ஒன்று, முப்பது நாள் விதி.

எல்லாம் சரியான பிறகு, பழைய நிலுவை மனுக்களையும் உள்ளே ஏற்றினார்கள். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்தந்த இருக்கையில் நிலுவையில் இருப்பதிலேயே பழைய மனு முதலில் வந்து நிற்கும். ‘வழங்கலாம்’ என்று ஒரு பட்டன், ‘மறுக்கலாம், காரணம்’ என்று ஒரு பட்டன். காரணம் எழுதாமல் இரண்டாவது அழுந்தாது. மூன்றாவது கிடையாது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வாக்கியத்தைக் காரணப் பெட்டியில் தட்டினால் அதை மட்டும் ஏற்காது. பாய் எங்கள் ஆயுதத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

ஏற்றிய மறுநாள் காலை என் திரையில் வந்து நின்ற மனு ஆறு வருடப் பழையது. மனுதாரர் பெயரைப் படித்தேன். யாரென்று தெரியவில்லை. பொருள்: மின் இணைப்பு பெற, இடத்துக்குத் தடையில்லாச் சான்று வழங்கக் கோருவது. எங்கள் சான்று இருந்தால்தான் மின் இணைப்பு கிடைக்கும். கீழே நான்கு இடைக்காலப் பதில்கள், ‘கள ஆய்வு அறிக்கை எதிர்நோக்கப்படுகிறது’ என்று. நான்கிலும் என் கையெழுத்து. முகவரியைப் படித்தேன். மெயின் ரோடு பின்புறம், லாரி மெக்கானிக் ஷெட்.

என் காலடியில் ஒயர் சொருகும் சத்தம் கேட்டது.

“பாய்,” என்றேன், “இது உங்க மனுவா?”

“ஆங் சார்.” மேசைக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“ஆறு வருஷமா என் காலடியில உக்காந்துகினு இருக்கீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“ரைட்டிங்ல கேட்டுட்டேன் சார். வாயால வேற கேட்டா, ஒரே கேள்விய ரெண்டு விண்டோவுல தொறக்கறா மாதிரி. கொழப்பம் தானே.”

“உங்க மனு முதல்ல வர்ற மாதிரி வேணும்னே பண்ணிட்டீங்களா?”

இப்போது தலை வெளியே வந்தது. முகத்தில் வருத்தம். “தேதி வரிசை சார். எனக்கு முன்னாடி யாராச்சும் காத்துகினு இருந்தா அவுங்களுது தான் வந்திருக்கும்.”



சான்று கொடுக்க எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் இடத்தை அளந்த கள ஆய்வு அறிக்கை இல்லாமல் கொடுக்கக் கூடாது, அது விதி. மறுக்கவோ காரணம் இல்லை. அறிக்கை எங்கே என்று கேட்டால், அனுப்பியாகிவிட்டது என்று களப் பிரிவு பதிவேட்டைக் காட்டியது. அப்படியானால் கோப்பு எங்கே? கோப்பைக் காணோம். புதிதாக அளக்கச் சொல்லலாம் என்றால் ஆய்வாளர் மருத்துவ விடுப்பில். மூன்று வாரம் அந்த விண்டோவோடு மல்லுக்கட்டினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், வந்து நின்றது. வேறு கம்ப்யூட்டரில் என் பெயரில் நுழைந்தேன். அங்கேயும் வந்து நின்றது. வெட்கத்தை விட்டு பாயிடமே கேட்டேன்.

“பாய், ஒரு கேன்சல் பட்டன். ஒரே ஒரு நாளைக்கு. எனக்கு மட்டும்.”

“எப்பிடி சார்? கேன்சல் வச்சா கேள்வி போயிடும். வூட்டுல மிக்ஸி மட்டும் அப்பிடியே இருக்கும்.”

கெஞ்சியதற்குக் காரணம் இருந்தது. அந்த ஜூலை முடிவில் எனக்கு ஓய்வு. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலைக் கம்ப்யூட்டரிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று அதிகாரி உத்தரவு போட்டிருந்தார். பட்டியல் பிரதான விண்டோவில் இருக்கிறது. அதுவோ தூங்குகிறது. இந்த மனுவுக்குப் பதில் சொல்லாதவரை அது எழாது. அது எழாதவரை என்னால் ஓய்வு பெற முடியாது. பொறுப்பு ஒப்படைக்காமல் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று பாய்க்குப் பாடம் நடத்தியவன் நான்.

கடைசி வாரத்தில் ஆடிக் கிருத்திகை வந்தது. உள்ளூர் விடுமுறை. ஊருக்குள் கால் வைக்க இடம் இல்லை. மஞ்சள் துணியும் காவடியுமாக சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வேலூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த கூட்டம் மலைப் படிக்கட்டை நிறைத்திருந்தது. அந்தக் கூட்டத்தில் இடி வாங்கிக்கொண்டு, ஞானவேலைச் சாவியோடு வரச்சொல்லி, அலுவலகத்தைத் திறந்தேன். எல்லா அலமாரியையும் கவிழ்த்தாவது அந்தக் கோப்பைத் தேடிவிடுவது என்று முடிவு. சத்தம் கேட்டு பாயும் வந்துவிட்டார். ரோட்டோர அன்னதானப் பந்தலில் மைக் செட்டுக்காரரின் பிளக்கில் ஒரு லேப்டாப்பைச் சொருகிவிட்டு வந்திருந்தார்.

“திருவிழாவுல கூட பிளக்கு தானா பாய்?” என்றார் ஞானவேல்.

“இன்னிக்கு தான் நைனா ஊருல எங்க பாத்தாலும் பிளக்கு.”

மூன்று பேரும் பகல் இரண்டு மணிவரை தேடினோம். இருபது வருடத்துக் கோப்புகள் தரையில் கிடந்தன. காணாமல்போன ஒரு குடை கிடைத்தது. ஓய்வு பெற்றுப்போன ஒருவரின் மதிய உணவு டப்பா கிடைத்தது, திறக்கவில்லை. பாயின் கோப்பு மட்டும் இல்லை. நான் மேசையில் கை ஊன்றி உட்கார்ந்துவிட்டேன். விண்டோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“கம்ப்யூட்டரையாச்சும் பின்னாடி தொடச்சி வைக்கலாம் சார், ஒரே தூசு” என்று பாய் மேசைக்கு அடியில் போனார். ஒயரை எடுக்க இடம் போதவில்லை. “நைனா, மேசைய ஒரு விரக்கடை தூக்கு.”

ஞானவேல் தூக்கினார். கீழே ஒயர் இழுபடும் சத்தம் நின்றது.

“பாய்?”

“சார், இந்தக் காலுக்கு அண்டக் குடுத்து ஒரு கோப்பு வச்சிருக்கீங்களே.”

“அது மேசை ஆடுதுன்னு எப்பவோ வச்சது.”

பாய் கோப்பு எண்ணைப் படிக்க ஆரம்பித்தார். முதல் இரண்டு எழுத்தைத்தான் பார்த்துப் படித்தார். மீதியைக் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். நான்கு இடைக்காலப் பதில்களிலும் இருந்த எண் அது. அந்த நான்கையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மொபெட்டிலேயே வைத்திருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“என்னோடது சார்.”

ஆறு வருடமாகக் கரண்டுக்காக அந்த மேசைக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து போனவர், ஒவ்வொரு தடவையும் தம்முடைய சொந்தக் கோப்பை உரசிக்கொண்டுதான் போயிருக்கிறார். எண் எழுதிய பக்கம் தரையைப் பார்த்துக் கிடந்திருக்கிறது. உள்ளே கள ஆய்வு அறிக்கை இருந்தது. ‘இடம் மனுதாரர் தகப்பனாரின் கிரய இடம், ஆட்சேபணை இல்லை’ என்று பளிச்சென்ற கையெழுத்து. கோப்பை அங்கே வைத்தது யார் என்பதற்குப் பதிவேடு கிடையாது. மேசை ஆடுகிறது, அண்டக் கொடுக்க எதையாவது எடுத்து வா என்று ஞானவேலிடம் சொன்னவன் நான். மேசைமேல் இருந்ததில் கைக்கு அடக்கமானதைக் கைகாட்டியவனும் நானாகத்தான் இருக்கும். ஞானவேல் மேசையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். மெமோ வாங்கியவரின் பார்வை.

பாய் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கோப்பின் மேலிருந்த தூசியைத் தம் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நான் சொல்லல சார்? காணாம எல்லாம் போவாது. பின்னாடி தான் போவும். என்னுது அடில போயிருக்குது.”

நானே சான்றைத் தட்டச்சு செய்தேன். நானே ஒப்புநோக்கினேன். கையெழுத்துப் போடும் நேரத்தில் பாய் என் கையைத் தடுத்தார்.

“சார், இன்னிக்கு லீவு. லீவு நாள்ல தேதி போட்டுக் கடிதம் குடுக்கக் கூடாதுன்னு புக்குல போட்டிருக்குது. நான் அண்டர்லைன் பண்ணியிருக்கேன். நாளைக்குத் தேதி போடுங்க. ஆறு வருசத்துல ஒரு நாளு பெருசில்ல.”

என் சர்வீஸில் விதியை எனக்கே ஒருவர் எடுத்துக்காட்டியது அதுதான் முதல் தடவை. அவர் சொன்னது சரியான விதி.

“பாய், இன்னைக்கே குடுக்கவா, வேணாமா?” என்றேன். “ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பாக்கலாம்னு பட்டன் கெடையாது.”

பாய் முதல்முறையாகப் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். வெளியே ஒரு காவடிக் கூட்டம் பம்பையடித்துக்கொண்டு கடந்துபோனது.

“குடுங்க சார்.”

கையெழுத்துப் போட்டேன். ‘வழங்கலாம்’ பட்டனை அழுத்தினேன். மூன்று வாரமாக என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்த விண்டோ சத்தமில்லாமல் மூடியது. மூடுவதற்கு முன் தாயை எழுப்பிவிட்டுத்தான் மூடியது. பிரதான விண்டோ முன்னால் வந்து நின்றது. பின்னால் ஒன்றும் இல்லை. ஞானவேல் மேசையை விட்டார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, என் டீ முழுவதும் ஓய்வூதியப் படிவத்தின்மேல் கொட்டியது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் காவலாளி ஓடி வந்தார்.

ஒப்படைப்புப் பட்டியலை எடுத்து, முறையாகக் கையெழுத்து வாங்கி, மாதக் கடைசியில் நாற்காலியைவிட்டு எழுந்தேன். அடுத்த சில வாரத்தில் ஷெட்டுக்கு மீட்டர் வந்தது. பாய் என்னைக் கூப்பிட்டிருந்தார். நூர்ஜஹான் மிக்ஸியைப் பெட்டியிலிருந்து எடுத்து, உறையை நிதானமாகக் கத்தரித்து, அடுப்படி மேடையில் வைத்தார். உள்ளே ஒன்றும் போடவில்லை. வெறும் ஜாரை மாட்டி சுவிட்சைத் திருப்பினார். காது கிழிந்தது. நிறுத்தவேயில்லை.

“இன்னா புள்ள, காலியா ஓட்டற, மோட்டார் போயிடும்” என்றார் பாய்.

“போவட்டும். அடுத்த தெருவுக்குக் கேக்கணும்” என்றார் அவர்.

பாய் இப்போது ஊர் சுற்றுவதில்லை. ஷெட்டில் வரிசையாக எட்டு பிளக் பாயின்ட். அலுவலகத்தில் என் பழைய மேசைக்கு அடியில் யாரும் தவழ்வதில்லை என்று ஞானவேல் சொன்னார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. நான் தினமும் காலை பத்து மணிக்கு பாயின் ஷெட்டுக்குப் போய் என் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, பதினொன்றரைவரை உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டிலும் கரண்ட் இருக்கிறது. பாய் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

சான்றின் அலுவலக நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை வீட்டுக்கு எடுத்துவந்தது விதிமீறல். அதில் உள்ள தேதியும் விதிமீறல்தான். முப்பத்தைந்து வருடத்தில் விடுமுறை நாளுக்குத் தேதியிட்டு நான் கையெழுத்துப் போட்ட ஒரே கடிதம் அது. நாள்: ஆடிக் கிருத்திகை.